நைனா எண்ணிய அலைகள்

பழவேற்காட்டுக் கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில், அண்ணி வீட்டு வாசற்கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆணி இருக்கிறது. அதில் சாயம் போன சிவப்புத் துண்டு ஒன்று தொங்குகிறது. சாப்பிட்டுக் கை கழுவி வரும் விருந்தாளி யாராவது அதைத் தொடப் போனால் போதும், அண்ணி எங்கிருந்துதான் வருவாளோ, வேறொரு துண்டைக் கையில் திணித்துவிடுவாள். "அது வேணாம், இத எட்துக்கோ" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். ஆனாலும் ஏன் என்று எந்த விருந்தாளியும் கேட்டதில்லை. அது என் நைனாவின் துண்டு. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தத் துண்டுக்கு ஒரு காலத்தில் பெரிய மரியாதை இருந்தது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் மணல்மேடு உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதில் ஏறி உடையும். படகில் வருகிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் எழும்புகிற அலை தெரியாது. கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் படகுகள் வெளியே காத்திருக்கும். மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும், அதற்குப் பின் கொஞ்ச நேரம் தண்ணீர் தணியும். மூன்றாவது அலை உடைந்ததும் நைனா துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுவார். எஞ்சினை முடுக்கிப் படகுகள் உள்ளே வந்துவிடும். "உங்க நைனா துண்டு காட்னா கண்ண மூடினு வரலாம்" என்று ஊரே சொல்லும். எனக்கு அதில் அவ்வளவு திமிர் இருந்தது.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நல்ல மீன் போட வேண்டும் என்று அண்ணன் விடியுமுன்னே கடலுக்குப் போனான். சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. மதியம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. ஊரே அப்போது எங்கள் வீட்டில் இருந்தது; நைனாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார் என்று நினைத்தோம். கூடப் போன பங்காளி நீந்தி வந்துவிட்டார். அண்ணனின் உடல் மறுநாள் காலையில்தான் ஒதுங்கியது. எஞ்சினைப் பிடித்திருந்த அண்ணன்தான் கரையைப் பார்த்திருந்தான். பங்காளி குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "திடீர்னு முடுக்கிட்டாம்பா, ஏன்னே தெரியல" என்று அவர் அழுதார். ஊர் அந்த 'ஏன்'னை நிரப்பிக்கொண்டது. அவசரப்பட்டான் என்றார்கள். தங்கச்சி நிச்சயம் என்று காலையிலேயே ஊற்றிக்கொண்டு போயிருப்பான் என்றும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அண்ணியின் முகத்துக்கு நேராகவே, "அவன் எப்பவுமே அவசரக்குடுக்கைதானே அண்ணி" என்றேன். அதை இங்கே எழுதவே கை கூசுகிறது.

நைனா அன்றோடு துண்டு போடுவதை நிறுத்தினார். கல்யாண வீட்டில் மரியாதைக்கு யாராவது தோளில் போட்டால்கூட எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துவிடுவார். பிள்ளை போன துக்கம் என்று நினைத்தோம். எனக்குச் சில மாதம் கழித்து ஆரவாரமில்லாமல் கல்யாணம் முடிந்தது. நான் மீஞ்சூருக்குப் போய்விட்டேன். நைனா அண்ணியோடு இருந்தார். அவள் பொங்கிப் போட்டதைத்தான் பன்னிரண்டு வருடமும் சாப்பிட்டார்.

எனக்குச் சென்னையில் வேலை. வெளிநாட்டுப் படங்களின் அடியில் ஓடுமே தமிழ் வரிகள், அவற்றை எழுதுவேன். என் பிழைப்பு இன்னதென்று வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. போன வருடம் மாட்டுப் பொங்கலன்று மதியம், "நீ இன்னாதான் வேலை பண்றேனு ஒரு தபா காட்டேன் பாப்பா" என்று அண்ணி கேட்டாள். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஆப்பராவுக்கு. மேடையில் நடந்ததை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். மடிக்கணினியை டிவியில் மாட்டிவிட்டேன்.

"நம்ம கூத்து மாதிரிதான் நைனா. ஒருத்தரும் பேச மாட்டாங்க, எல்லாம் பாட்டுதான்" என்றேன்.

"அப்ப கட்டியக்காரன் எங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில், "இந்தம்மா இன்னாத்துக்கு இப்பிடிக் கூவுது? சொத்தப் பல்லா?" என்றார். அண்ணி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கீழே வருகிற வரிகளை அண்ணி உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். என் வரிகள் அவள் வாயில் அழகாகத்தான் இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. கரையில் ஒரு கிழவன் விளக்கோடு நிற்கிறான். தூரத்தில் அவன் மகனின் கப்பல். மேடைக்கு நடுவே நீளமான நீலத் துணிகளை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து உயர்த்தித் தாழ்த்துகிறார்கள். அதுதான் கடல். சாயத்துணி என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நைனா சிரிப்பதை நிறுத்தினார். விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. துணி ஒருமுறை உயர்ந்து விழுந்தது. "ஒண்ணு" என்றார். மறுபடி உயர்ந்தது. "ரெண்டு." அப்போது கிழவன் விளக்கைத் தூக்கினான். அண்ணி வரியைப் படித்தாள்: "வா மகனே, வழி திறந்திருக்கிறது."

மூலத்தில் 'வா' மட்டும்தான் இருந்தது. உருக்கமாக இருக்கட்டும் என்று 'மகனே'வைச் சேர்த்தவள் நான்.

"காட்டாதடா! மூணாவது இன்னும் போவல! காட்டாதடா பாவி!" நைனா எழுந்து டிவியின் மேல் பாய்ந்தார். இரண்டு கையாலும் திரையை மறைத்தார். வயசான மனுஷன், நிஜமென்று நினைத்துவிட்டார் என்று பிடித்து உட்காரவைக்கப் போனேன். அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவள் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டாள்.

"மாமா, அன்னைக்குக் கரைல நீங்க இருந்தீங்களா?"

நைனா திரும்பவில்லை. டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டுதான் போயிருந்துச்சி. மாப்ள வூட்டாரு வந்து குந்திக்கினு இருந்தாங்க. நேரம் போவுதேனு காட்டிட்டேன். அவன் என்னியே பாத்துக்கினு இருந்தாம்மா. நான் காட்னதும் வந்துட்டான்."

டிவியில் அந்தக் கிழவன் பாடிக்கொண்டே இருந்தான். அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் நிச்சயத்துக்காக அண்ணன் போனான் என்பது எனக்குத் தெரியும். என் நிச்சயத்துக்காகத்தான் அந்தத் துண்டும் ஓர் அலை முந்திச் சுழன்றது என்பது தெரியாது. பன்னிரண்டு வருடமாக ஊர் அவனைக் குடிகாரன் என்றது, நான் அவசரக்குடுக்கை என்றேன், இவர் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். பெற்ற தகப்பன்! அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் முழுசாக மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் அண்ணி கேட்டதெல்லாம் மூன்றே கேள்விகள். "அப்ப அவுரு அவசரப்படல?"

"இல்லம்மா."

"குடிக்கல?"

"இல்ல."

"நீ கூப்ட்ட. அதான் வந்தாரு. இல்ல?" மாமனாரை அவள் 'நீ' என்றது அன்றைக்குத்தான்.

நைனா தலையாட்டினார்.

"இத நாளைக்கு ஏலக்கரைல சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

மறுநாள் காலை நைனா தகரப்பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு அவர் முன்னால் நடக்க, அண்ணி பின்னால் நடந்தாள். கூடைகளுக்கு நடுவே நின்று, எங்களிடம் சொன்னதை அப்படியே ஊருக்கும் சொன்னார். ஏலம் நின்றது. பங்காளி மட்டும் "இன்னாண்ணே இது, இன்னாண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் நைனா துண்டை ஆணியில் மாட்டினார். அப்புறம் அதைத் தொடவேயில்லை. அண்ணி வேளாவேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், வேட்டி துவைத்தாள். பேச மட்டும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

ஆவணியில் நைனா போய்விட்டார். குளிப்பாட்டிக் கிடத்தியபோது, "தோளுக்கு ஒரு துண்டு குடும்மா" என்று யாரோ கேட்டார்கள். நான் நினைத்துப் பார்க்காமல் ஆணியிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்தேன். அவருக்கே உரியதுதானே, அதுவே போகட்டும் என்று பட்டது. அண்ணி என் கையிலிருந்து அதை வாங்கினாள். பீரோவிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து வந்து, அவளே மாமனாரின் தோளில் போட்டு நீவிவிட்டாள். பழையதை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"ஏன் அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். இதுவரை அந்தத் துண்டைப் பற்றி அவளைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

"இது இருக்கட்டும் பாப்பா" என்றாள். "உங்கண்ணன் கடைசியா பாத்தது இதத்தான்."