அக்கரை வரை ஐயாசாமி

கணவர் ஐயாசாமியின் தோளில் பேச்சியம்மாள் எண்ணெய் தேய்த்தாள். மலாயாவின் லாபிஸ் தோட்டத்தில் ரப்பர் தகடு அழுத்தும் உருளையைப் பதினைந்து வருடமாகச் சுழற்றிவந்த தோள். 1934 தீபாவளி நீச்சல் போட்டியிலும் ஆற்றைக் குறுக்கே கடந்ததில் அவரே முதல். ரயில் பாலம் வரையிலான நீண்ட நீச்சலில், வழக்கம்போல அவள் தம்பி செல்லப்பன் வென்றான்.

“அலமாக், அந்த ஒல்லிக்குச்சிக்கு ஏது பலம்?” மலாய்க்காரர்களைப் போல வியந்தார் ஐயாசாமி.

“நீங்க தண்ணிய அடிக்கிறீங்க, பாதியில மூச்சு வாங்குது. அவன் ஒரு கை போட்டுட்டு, கொஞ்ச தூரம் சும்மா வழுக்கிட்டுப் போறான்.”

ஐயாசாமிக்கும் அது தெரியும். மச்சானிடம் போய்க் கேட்பதுதான் கஷ்டம்.

“அதை எனக்குக் காட்டித் தரச் சொல்லேன். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாத, என்ன?”

பேச்சியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு அறையை விட்டுப் போனாள்.