சூடு தரும் ஏசி

வவுனியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரருக்காக வீடு பார்த்துச் சொல்வது என் தொழில். அவர்கள் கட்டுவித்த வீட்டுக்கோ வாங்கப்போகிற வீட்டுக்கோ போய், சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு, வயரிங் எல்லாம் சோதித்துச் சொல்லுவேன்.

புளியங்குளத்தில் அந்தப் புது வீட்டைப் பார்க்கப் போனபோது மாரி மழை பிடித்திருந்தது. நோர்வேயில் கனகாலம் இருந்த ஒருவர், கடைசிக் காலத்தை ஊரில் கழிக்கவென்று மகளோடு வந்து அங்கே குடியிருந்தார். கதவைத் திறந்த மகள் சுவரையும் கூரையையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பாவின்ர அறையில இருக்கிற ஏசியை மட்டும் வடிவாப் பாருங்கோ. அது சூடும் தரவேணும். தருகுதில்லை."

நான் திகைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது, இரத்தமும் குறைவு, எந்நேரமும் குளிருது என்கிறார் என்றா மகள். அறைக்குள் அவர் கம்பளித் தொப்பியோடு போர்வைகளுக்குள் சுருண்டு கிடந்தார். ரிமோட்டில் சூட்டை அழுத்தினேன். குளிர்காற்றுத்தான் வந்தது. மகள் ஓடிவந்து நிறுத்தினா.

"ஏலாட்டி விடுங்கோ பிள்ளை," என்றார் அவர்.

ஏசி குளிர்விக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து, குளிர்நாடுகளில் என்னைப்போல் வீடு சோதிப்பவர்கள் போட்ட வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். அந்த மெஷின் சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது என்றார்கள். குசினியில் பிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தபோதுதான் அது விளங்கியது. பிரிட்ஜுக்குள் இருந்து எடுத்த சூடுதான் அங்கே வந்தது. ஏசியும் அப்படித்தான் அறைச் சூட்டை வெளியே தள்ளுகிறது. உள்ளே ஓடும் வாயுவின் வழியை ஒரு வால்வு திருப்பிவிட்டால், வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை அள்ளி அறைக்குள் கொண்டுவரும். பனிக்குள் இருந்தும் அள்ளுமாம்.

அடுத்தமுறை ஏசி திருத்துபவரைக் கூட்டிக்கொண்டு போனேன். "இந்த வெக்கை ஊரில ஆர் அக்கா சூடு கேக்கிறது?" என்று சிரித்தவர், அறைக்குள் எட்டிப் பார்த்ததும் சிரிப்பை விட்டு, வீட்டுக்கு வெளியே இருந்த ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றினார். வால்வைத் திருப்புகிற சின்ன மின்சுருள் எரிந்திருந்தது. கொழும்பில் இருந்து புதிது வந்து சேர ஒரு கிழமைக்கு மேலானது.

அதைப் பூட்டிச் சூட்டை அழுத்திய அன்று வெளிப்பெட்டியின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். குளிர்காற்று. அறைக்குள் போனால் அனல். எனக்கு வேர்த்து வழிந்தது. அவர் போர்வையை விலக்கி, தொப்பியைக் கழற்றி, மெல்ல எழும்பிக் கதிரையில் இருந்தார்.

"இப்ப சரி பிள்ளை."

பிறகு மகளைப் பார்த்து, "உனக்கு வேர்க்குது. நீ வெளியில போய் இரு," என்றார். அவா போகவில்லை.

மாரி முடிவதற்குள் அவர் இறந்துபோனார். கேள்விப்பட்டுப் போனேன். நோர்வேயில் இருந்து மகன் வந்து சேரும்வரை உடலை அந்த அறையிலேயே வைத்திருந்தார்கள். மகள் ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தா.

"இதைக் குளிருக்கு மாத்தி விடுங்கோ. எனக்குக் கை வருகுதில்லை."

மாற்றினேன். வால்வு திரும்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்தது. அவர் மேல் போர்வை இல்லை, வெள்ளை வேட்டி மட்டும்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே, வெளிப்பெட்டி ஊதுகிற சூடு தாங்காமல், பந்தலில் இருந்தவர்கள் கதிரைகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.