மாமாவின் சொற்களை எண்ணிய நிரல்

என் அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். தட்டச்சு கற்கத்தான் மாலை வகுப்புக்குப் போனாள். அதில் இடமில்லை, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதச் சொல்லித்தரும் சி மொழி வகுப்பில்தான் இருந்தது. "சரி, அதுலயே சேத்துக்கோங்க" என்று சேர்ந்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்காவின் கணவர், எங்கள் மாமா மட்டும், "உங்க அக்கா கையில எடுத்ததைப் பாதியில விட்டு நீ பாத்திருக்கியா?" என்று என்னை மடக்கினார். பஸ் நடத்துனர். வாய் ஓயாத மனிதர்.

அந்த வாய் ஒரே காலையில் அடங்கிப்போனது. பக்கவாதம். நடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி, "மனசுல வர்றதை கம்ப்யூட்டர்ல அடிக்கட்டும். எத்தனை வார்த்தை வருதுன்னு தினமும் பாருங்க" என்றார்.

மாமா ஒற்றை விரலால் அடிப்பார், அக்கா எண்ணுவாள். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவது போல எண்ணுவது அவருக்குப் பொறுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார். கம்ப்யூட்டரே எண்ணட்டும் என்று அக்கா முடிவுகட்டினாள்.

அவள் எழுதிய முதல் நிரல், எதை அடித்தாலும் 'ஒன்று' என்றது. "முதல் இடைவெளியிலேயே படிக்கிறதை நிறுத்திடுதும்மா. வரி முழுசையும் வாங்குங்க" என்றார் வகுப்பு ஆசிரியர். வாங்கினாள். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எண்ணி, அதோடு ஒன்று கூட்டினாள். மாமாவின் கணக்கு நாளுக்கு நாள் ஏறியது, அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் திரையில் சொற்கள் கொஞ்சம், எண்ணோ பெரிது. நடுங்கும் விரல் இடைவெளிப் பட்டையிலேயே தங்கிவிட, நிரல் அத்தனை இடைவெளியையும் சொல்லாக எண்ணியிருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும் அக்கா, மனுஷன் சந்தோஷமா இருக்கார்" என்றேன்.

"பொய்க் கணக்கு காட்டி ஏமாத்த அவரு என்ன பச்சப் புள்ளையா?" என்று சீறிவிட்டு நேரே அவரிடமே போய்ச் சொன்னாள். மாமா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அடித்தார்: 'சரியா எண்ணு.'

துணி வெட்டும் மேசையில் சாக்குக்கட்டியால் ஒரு வாக்கியம் எழுதி, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே நின்றாள் அக்கா. இடைவெளி முடிந்து ஓர் எழுத்து தொடங்கும் இடத்தில் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும். இப்போது சொல்லுக்கு உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று நிரல் நினைவில் வைத்திருந்தால் போதும். அவளாகவே கண்டுபிடித்தாள். யாரையும் கேட்கவில்லை.

மாமா அதைச் சும்மா விடவில்லை. தொடக்கத்திலேயே இடைவெளியைத் திரும்பத் திரும்ப அழுத்தினார், நிரல் ஏமாறவில்லை. ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினார். 'பூஜ்யம்' என்றது. உடம்பு குலுங்கச் சிரித்தார். படுத்த நாளிலிருந்து நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு அது.

உண்மைக் கணக்கு சின்னதுதான். அதிலிருந்துதான் ஏறினார். இப்போது திக்கித் திக்கிப் பேச்சும் வருகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து நாலு வரி அடிக்கச் சொல்கிறார். எண் வந்ததும் தையல் மெஷின் பக்கம் கையை நீட்டி, "இவ... எழுதினது" என்கிறார்.

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?" என்கிறாள் அக்கா. ஆனால் வந்தவர் வாய் பிளப்பதைப் பார்க்காமல் மெஷினை மிதிக்கமாட்டாள்.