காலுறைக்குள் வைத்த விபூதி

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். தறியில் என் வீட்டுக்காரர், தரையில் அட்டைப்பெட்டியோடு நான், பக்கத்து வீட்டுக்காரி, மாதா கோயில் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் என் சிநேகிதி. பக்கத்து வீட்டுக்காரியின் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தான். அவனுக்கும் கூட இருப்பவர்களுக்கும் என்று தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, காலுறை, கைக்குட்டை, பருப்புப்பொடி, கொசுவுக்குப் பூசும் களிம்பு எல்லாம் வாங்கியிருந்தோம். பட்டாளத்துத் தபாலில் வந்து சேரும் என்று அவனே முகவரி சொல்லியிருந்தான்.

மடித்து வைப்பது என் வேலை. தறியிலிருந்து அறுத்த புடவை வீட்டை விட்டுப் போகும்போது, முதல் மடிப்பில் ஒரு விபூதிப் பொட்டலம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பழகிய கை, ஒவ்வொரு ஜோடி காலுறைக்குள்ளும் ஒரு பொட்டலத்தைச் செருகிவிட்டது. பெட்டி தபாலில் போன பிறகு, காபி குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“வெள்ளப் பவுடரு. வெளிநாட்டுக்கு. அதுவும் சாக்ஸுக்குள்ள ஒளிச்சு. நல்லா அனுப்பின போ.”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். எந்த நாட்டில் எதற்குப் பிடிப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்? அந்தப் பிள்ளையை நிற்க வைத்து விசாரிப்பார்கள், வேலை போய்விடும், எல்லாம் என்னால் என்றே ஓடிக்கொண்டிருந்தது. தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தால் இழை அறுந்தது. பக்கத்து வீட்டுக்காரி எதிரில் வந்தால் உள்ளே போய்விடுவேன். சிநேகிதியிடம் மட்டும் சொன்னேன்.

“சாம்பலுக்கு யாராவது புடிப்பாங்களாமா? சரி, உன் விபூதிக்கு நான் ஜெபம் பண்றேன், போ.”

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். திரையில் அவன்.

“பெரிம்மா, சாக்ஸுக்குள்ள இன்னா வச்ச?”

“விபூதிப்பா. தெரியாம வச்சிட்டேன். யாராவது ஏதாவது கேட்டாங்களா?”

“ஒருத்தரும் கேக்கல. பொட்டலம் கிழிஞ்சு உள்ளயே கொட்டிக்கினு இருந்துது. நான் சொல்றதுக்குள்ள கூட இருக்கற பஞ்சாப்காரரு மாட்டிக்கினாரு. பவுடர் போட்டே அனுப்பறாங்க, நல்ல ஊருன்றாரு. கால் வேர்க்கலையாம். இன்னொரு ஜோடி வேணுமாம்.”

சாமி விபூதி காலிலா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொள்ளும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதான் என்னக் கண்டா ஓடினியாக்கா? சீட்டுப் பணம் கேப்பேன்னு பயந்துக்கினு இருக்கறன்னு நெனச்சேன்.”

மத்தியானம் தையல் கடைக்குப் போய்ச் சொன்னேன். சிநேகிதி மிஷினை நிறுத்தவில்லை.

“இனிமே தூக்கம் வருமில்ல? அப்ப கணக்குக்கு வா. தபால் ஆபீஸ்ல எடை கூடிடுச்சின்னு நான் போட்டேனே, அந்தக் காசுல உன் பங்கு. நீ இருந்த இருப்புல உன்ன எப்படிக் கேக்கறது?”

இடுப்பில் செருகியிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் தர வேண்டியது நூற்று எண்பது ரூபாய்.