ஏவுகணைப் படகில் எங்கள் அண்ணன்

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே பிறந்து, கடலில் பாதி ஆயுளைக் கழித்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தங்கை நான் அழுதுகொண்டே எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு உற்சாகம் பொங்கிவிடுகிறது, என்ன செய்ய!

அண்ணன் கடற்படையின் எஞ்சின் பிரிவில் சேர்ந்ததும், விமானம் இறங்கும் மாபெரும் கப்பலின் படத்தை அப்பா காலண்டரிலிருந்து வெட்டி வீட்டில் மாட்டினார். "இதுதானுங்க எம்பையன் கப்பலு" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். விடுப்பில் வந்த அண்ணனோ வாரச்சந்தையில் பத்துப் பேர் முன்னால், "இல்லீங்கப்பா, நான் இருக்கறது சின்ன ஏவுகணைப் படகுங்க" என்று போட்டு உடைத்துவிட்டார். சந்தையே சிரித்தது. அப்பா இரண்டு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. அண்ணன் உள்ளுக்குள் தவித்தார். ஆனாலும் வேறு கப்பல் கேட்கவில்லை.

பிறகு, குடும்பத்தாரைப் படகில் ஏற்றிக் காட்டும் நாள் ஒன்று வந்தது. கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை மும்பைக்கு அழைத்துப்போனேன். அடேயப்பா, அந்தப் படகு சீறிய வேகம்! மற்றவர்கள் வாந்தியெடுக்க, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் பழகிய அப்பா மட்டும் அசையவில்லை.

"இத்துனூண்டு படகு என்ன பண்ணும்?" அண்ணனிடம் அவர் மௌனம் கலைத்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"மரவள்ளி லாரி ஒரு வளைவு திரும்பறதுக்குள்ள பைக்கு நாலு வளைவு போயிருமுங்களே, அப்படித்தானுங்கப்பா. கரையோரமா, தீவு மறைவுல நிப்போம். எதிரிக் கப்பல் வந்தா தூரத்துலயே ஏவுகணைய விட்டுட்டு, அவன் சுதாரிக்கறதுக்குள்ள எடத்த மாத்திருவோம். ஆனா அடி வாங்குனா இது தாங்காதுங்க. அதனால எஞ்சின் நிக்கவே கூடாது. அது எம்பொறுப்பு."

"நிக்காம பாத்துக்க சாமி" என்றார் அப்பா. அண்ணன் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

ஓய்வுக்குப் பின் மலைக்கே திரும்பி மிளகு பயிரிட்டார். ஊரில் எவர் மோட்டார் பழுதானாலும் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுத்தார். நுரையீரல் நோய் அவரைப் படுக்கவைத்தபோது பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஒற்றையடிப் பாதையில் அவரைத் தோளில் சுமந்த உறவினர்களுக்கும், மலையேறி வந்து வணங்கிய படகுத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பேசாமலிருந்த இரண்டு ஆண்டுகளை முதலில் நான் எழுதவில்லை.

"அதையும் போடு கண்ணு. தப்பு எம்மேலதான்னு எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

போட்டுவிட்டேன்.