உளுந்து ரோட்டில் ரிவர்ஸ்

லைசென்ஸ் வந்த அன்றே, காரின் பின்கண்ணாடியில் இருந்த சிவப்பு எல் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் காலை அதைவிடப் பெரிய எல் ஒன்று அதே இடத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் என் கணவர். எனக்கு நாற்பத்தெட்டு வயது. நீ ஓட்டலாம் என்று அரசாங்கம் சொல்லியாயிற்று. வீடு இன்னும் சொல்லவில்லை.

அன்று நான் தனியாகக் கடலூரிலிருந்து சிதம்பரம் போகவேண்டியிருந்தது. அங்கே கண் ஆபரேஷன் முடிந்து, என்னோடு வர அக்கா காத்திருந்தாள். கணவருக்கு ஆபீசில் லீவு இல்லை. இருந்திருந்தால் சாவி என் கைக்கு வந்திருக்குமா?

"பைபாஸ் வேணாம், லாரி ஜாஸ்தி. குறிஞ்சிப்பாடி போயி உள்ரோட்டுல புவனகிரி புடிச்சுப் போ. ரிவர்ஸ் எடுக்காத, உனக்கு வராது. ஒரு கீறல் விழுந்தாலும் சாவி எங்கிட்ட வந்துடணும்." என் செல்போனில் லொகேஷனையும் அவரே போட்டுவிட்டார். அவருடைய திரையில் நான் ஒரு நீலப் புள்ளி.

புள்ளி புறப்பட்டது. குறிஞ்சிப்பாடிக்குள் ஒவ்வொருவனும் முந்திக்கொண்டு போய், கழுத்தை வளைத்து, ஓட்டுவது யார் என்று பார்த்தான். எல் ஸ்டிக்கரைப் படித்தவன் கண் என்னையும் பார்க்க வேண்டுமாம். பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஊர் தாண்டி உள்ரோட்டில் சிறிது தூரம் போனதும் தார் மறைந்தது. ரோட்டின் அகலம் முழுக்க உளுந்தஞ்செடி, காய்ந்து, கறுத்து, வெயிலில் முறுகிக் கிடந்தது. பிரேக்கை மிதித்தேன். இதன்மேல் ஏற்றினால் கீறல் விழுமே.

புளியமரத்தடியிலிருந்து ஒரு பெண் தடியோடு எழுந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏம்மா நின்னுட்ட? ஏத்து வண்டிய!"

"ரோடு வண்டி போறதுக்கா, உளுந்து காயப் போடுறதுக்கா?" அதுவரை சேர்த்து வைத்த கோபம் அவள்மேல் இறங்கியது.

அவள் அசரவில்லை. "உளுந்து அடிக்கக் களம் கட்டித் தாங்கன்னு பஞ்சாயத்துல கேட்டுக் கேட்டு வாயி வலிக்குது. கட்டுனா நான் ஏன் ரோட்டுல நிக்கிறேன்? பஸ்ஸும் போயிடுச்சு, மழ மூட்டமா வேற இருக்கு. நாலு தபா முன்ன பின்ன போம்மா, நெத்து ஒடையட்டும்."

"ரிவர்ஸ் எனக்கு வராது."

"யாரு சொன்னா?"

"வீட்டுக்காரர்."

பின்னால் போய் ஸ்டிக்கரைப் பார்த்தாள். "இதுவும் அவரு ஒட்டுனதா? அவரு நெத்தியில ஒட்டு, போ."

சிரித்துவிட்டேன். கியரைப் போட்டேன். சக்கரத்தடியில் நெற்றுகள், காய்ந்த உளுந்தங்காய்கள், சடசடவென்று வெடித்தன. மறுமுனையில் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, கிளட்சை மெல்ல விட்டேன். "வரட்டும், வரட்டும்... நேரா வா... போதும்!" ஓட்ட வருமா என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு வேண்டியது பாரம். நான் பாரத்தோடு வந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் செடியைத் தடியால் புரட்டிப் போட்டாள். நான்காவது தடவை என் கால் என்னைக் கேட்காமலே கிளட்சை அறிந்தது.

இடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"கால் மணி நேரமா ஒரே எடத்துல நிக்கிற. எங்க இடிச்ச?"

இடித்தாயா என்றில்லை, எங்கே என்று!

"உளுந்து அடிக்கிறேன்."

"என்னது?"

வைத்துவிட்டேன். அவள் ஒரு கை நெற்று அள்ளி என் பக்கத்து சீட்டில் போட்டாள். "கூலி," என்றாள்.

சிதம்பரத்தில் கண்ணில் பச்சை மறைப்போடு ஏறிய அக்கா, ஊர் வரும்வரை தூங்கினாள். திரும்பும்போது பைபாஸில்தான் வந்தேன். லாரிகள் தத்தம் வேலையாகப் போயின.

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன். ஆபீசிலிருந்து வந்திருந்த அவர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து பம்பரைத் தடவிக்கொண்டிருந்தார். காரை மூன்று சுற்று சுற்றினார். அடியில் சிக்கிய செடியை உருவி எறிந்தார். கீறல் இல்லை. பிறகும் கை நீண்டது.

"சாவியக் குடு. பத்திரமா வெக்கிறேன்."

கீறல் விழுந்தால்தானே சாவி? விழவில்லையே! நீட்டிய கையில் உளுந்து நெற்றை வைத்துவிட்டு, அக்காவைக் கைப்பிடித்து இறக்கினேன்.

சாவி இப்போதும் என் பையில்தான் இருக்கிறது. எல் மட்டும் பின்கண்ணாடியில் அப்படியே ஒட்டியிருக்கிறது. நான் கிழிக்கமாட்டேன். ஒட்டியவர் கிழிக்கட்டும்.