இரண்டு பக்கமும் சீவிய குச்சி

காலையில் சட்டைப் பொத்தான் போட அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. மூன்றாவது பொத்தான் துளைக்குள் போகாமல் இரண்டு முறை நழுவியது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று போட்டாள். உள்ளே போய்விட்டது. இதையும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கதவைப் பூட்டினாள்.

ஒரு வாரமாக அவள் மனத்துக்குள் ஒரு பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. டீ டம்ளர் தளும்பியது. சாவி பூட்டின் வாயைத் தேடியது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. அம்மாவுக்கும் கை நடுக்கம் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. முதலில் கரண்டி தட்டில் மோதிச் சத்தம் போட்டது. கடைசியில் கரண்டியை வேறு யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது அம்மாவுக்கு ஐம்பத்தொன்று. இவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு.

பட்டறையில் அவளை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில் சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி, அவள் போட்ட வெல்டிங்கின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அடியில் மயிரிழை வெளிச்சம்கூடப் புகவில்லை. ஸ்கேலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் சும்மா இருந்தது.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி உண்டு. உள்ளே போகும் காற்றை ஈரமாக்குவதற்கு. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மடித்து, மூலைகளை டிக் வெல்டிங்கில் மூட வேண்டும். இரும்பு உருகுவதற்கு முன்னால் சிவந்து காட்டும். அலுமினியம் எதையும் காட்டாது. பளபளவென்று இருக்கும்போதே பொசுக்கென்று ஓட்டையாகிவிடும். அந்தத் தகட்டோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவள் அவள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆர்க் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வெல்டிங் டார்ச்சின் நுனியில் பென்சில் போலச் சீவிய டங்ஸ்டன் குச்சி இருக்கிறது. குச்சிக்கும் தகட்டுக்கும் இடையில் ஆர்க் என்னும் மின்நெருப்பு ஒரு சின்னக் கூம்பாக நிற்க வேண்டும். நின்றால்தான் அதற்குக் கீழே உலோகம் குளமாக இளகும், அந்தக் குளத்தை ஓட்டிக்கொண்டு போகலாம். இப்போது அந்தக் கூம்பு ஈயைப் போல இங்கே உட்கார்ந்து அங்கே உட்கார்ந்து பறந்தது. இடது தகட்டைச் சுட்டது, வலது தகட்டைச் சுட்டது, இணைப்பை மட்டும் தொடாமல் போக்குக் காட்டியது. ஓரத்தில் கரிப்பொட்டு. தொட்டியைத் தண்ணீரில் அமுக்கிக் காற்று விட்டால் மூலையில் முத்து முத்தாகக் குமிழி.

அவள் சும்மா இருக்கவில்லை. ஆர்கான் சிலிண்டரை மாற்றினாள். டார்ச்சைக் கன்னத்தருகே பிடித்து வாயு வருவதைத் தோலாலேயே பார்த்தாள். குழாயைச் சோப்பு நுரை தடவி முழம் முழமாகத் தேடினாள். எர்த் கிளாம்ப்பின் வாயைத் தேய்த்துத் தகட்டிலேயே நேராகக் கவ்வவிட்டாள். அலுமினியத்துக்கென்று தனியாக வைத்திருந்த பிரஷ்ஷை யாராவது இரும்பில் போட்டுத் தேய்த்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டுப் புது பிரஷ் வாங்கினாள். தகட்டை இரண்டு முறை துடைத்தாள். மின்விசிறியின் காற்று வாயுவைக் கலைக்கிறதோ என்று அதையும் நிறுத்திவிட்டு, மூன்று நாள் வேர்வையில் ஊறினாள். ஈ உட்காரவில்லை.

பக்கத்துத் தடுப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்யும் தாடி எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, விசிறிகூட இல்லாம? தவமா?"

"உன் வேலையப் பாருடா."

"பாத்துட்டுதான் வந்தேன். அது என்னப் பாக்க மாட்டேங்குது." அவளுடைய தொட்டியைப் பார்த்ததும் சிரிப்பை மென்று விழுங்கினான். "எலெக்ட்ரீஷியனக் கூப்பிடுக்கா. மெஷின்தான்."

எலெக்ட்ரீஷியன் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு முறம் தூசியை ஊதி வெளியேற்றித் தும்மினார். "மெஷினுக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான் இப்ப ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷினுக்கு ஒன்றுமில்லை என்பதற்கு வேறு சாட்சியும் இருந்தது. அவள் போன பிறகு அதே மெஷினில், அதே சிலிண்டரில் இரவு ஷிப்ட்காரன் வேலை செய்தான். அவளிடம் தொழில் கற்றவனில்லை, அவளுக்கு நண்பனுமில்லை. ஷிப்ட் மாறும்போது தலையசைத்துவிட்டுப் போகிறவன். அவன் தன் குச்சிகளைத் தன் டப்பாவில் கொண்டுவருவான், இவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவாள். காலையில் அவன் போட்ட தொட்டிகள் வரிசையாக இருக்கும். புதன் இருபது. வியாழன் இருபத்திரண்டு. ஒரு குமிழி இல்லை.

மெஷின் அதே. வாயு அதே. தகடு அதே. மாறுவது கை ஒன்றுதான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் அவள் தடுப்புக்குள் வந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார்.

"அக்கா, நான் சுத்தி வளைக்கல."

"சொல்லுங்க சார்."

"இன்னைக்கு ஆறு டேங்க். குமிழி வராத ஆறு. வந்துட்டா நான் எதையும் பாக்கல, எதையும் கேக்கல. வரலன்னா திங்கக்கிழமை பேக்கிங்குக்குப் போங்க. உக்காந்து பண்ற வேலை. உங்க முட்டிக்கும் நல்லது."

"முட்டியால வெல்டிங் பண்ணலையே சார்."

அவர் அவளுடைய வலது கையைப் பார்த்தார். உடனே வேறெங்கோ பார்த்தார். அவள் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். மனிதர் நல்லவர். நல்லவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்ளும்போதுதான் அதிகமாக வலிக்கிறது.

பத்து மணிக்கு டீ. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். தங்கை போன் செய்தாள்.

"சாயந்தரம் அஞ்சரைக்கு டாக்டர். ஞாபகம் இருக்கா?"

"மெஷின்ல ஏதோ கோளாறுடி. அது தெரிஞ்சதும் சொல்றேன்."

"மெஷினுக்கா டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்?"

"ஆர்க் ஆடுது. அதனாலதான் கை ஆடுற மாதிரி தெரியுது."

"வீட்ல டம்ளர் ஆடுச்சே. அதுல எந்த ஆர்க்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தங்கை தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மாவும் கரண்டிமேலதான் பழி போட்டுட்டு இருந்தாங்க, நாலு மாசம்."

"மெஷின் சரியாயிட்டா நான் வரமாட்டேன்" என்றாள் அவள். "சரியாகலன்னா வரேன். போதுமா?"

"ஏதோ பண்ணு" என்று தங்கை வைத்துவிட்டாள்.

முதல் தொட்டி பதினொரு மணிக்கு ஓட்டையானது. ஹெல்மெட்டை நிமிர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அலுப்பு தோளிலிருந்து இறங்கி முழங்கை வழியாக வந்து விரலில் தேங்கியது. பேக்கிங்கில் உட்காரலாம். அட்டைப்பெட்டி ஆடாது. ஆடினாலும் யாருக்கும் தெரியாது.

டார்ச்சின் பின்மூடியைத் திருகிக் குச்சியை வெளியே எடுத்தாள். நுனி மழுங்கியிருந்தால் திருப்பிப் போடலாம் என்று. அவள் எப்போதும் குச்சியின் இரண்டு பக்கத்தையும் சீவி வைப்பாள். சாணை இயந்திரம் ஷெட்டின் மறுகோடியில், அறுபது அடி தள்ளி. இரண்டு பக்கமும் சீவினால் ஒரு நடை மிச்சம். முட்டி வலி வந்த பிறகு பழகிய பழக்கம்.

நுனியைப் பார்த்தவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அலுமினியத்துக்கு ஓட்டிய குச்சியின் நுனி உருகி, குண்டூசித் தலைபோல உருண்டு பளபளக்கும். இது உருளவில்லை. நுனி நெடுக்கில் பிளந்து, சுற்றிலும் கடுகளவு மருக்கள் முளைத்திருந்தன. ஒரு வாரமாக சுற்றிச் சுற்றிக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில், எடுத்ததும் பார்க்க வேண்டிய இதை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. மழுங்கியதும் திருப்பிப் போட்டாள், சீவினாள், மறுபடி போட்டாள்.

கெட்டுப்போன குச்சி என்று நினைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தாள்.

ஸ்டோர்காரர் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பழையதைக் கொடுக்காமல் புதியது தரமாட்டார். செத்தவனே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் மாலை தருவார் என்று தாடி அவரைப் பற்றிச் சொல்வான்.

"டங்ஸ்டன் ஒண்ணு வேணும்ணே."

"என்ன கலர்?"

"பழசு இந்தாங்க."

குச்சி எந்த வகை என்று காட்ட ஒரு முனையில் நிறம் பூசியிருக்கும். அவர் குச்சியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார். "கலர் எங்கம்மா?"

"சீவிட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு நடை மிச்சமாகும்ணே."

"தலையும் இல்லாம வாலும் இல்லாம கொண்டாந்து நீட்டினா நான் எதைன்னு எழுதுவேன்? அலுமினியத்துக்குப் பச்சை. ஸ்டெயின்லெஸ்ஸுக்குச் சிவப்பு. இது என்ன? விதவையா?"

"வாய அடக்குங்கண்ணே. நான் அலுமினியம்தானே போடறேன். பச்சைதான்."

"போன மாசம் பத்து நாள் தாடி லீவுல போனப்ப அவன் வேலைய யார் பண்ணா? உன் கையெழுத்துதானே கிடக்கு இங்க. சிவப்பு மூணு வாங்கியிருக்க. அந்த மூணும் எங்க?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாடியின் தடுப்பில் வேலை செய்த பத்து நாளும், பழக்கதோஷத்தில் சிவப்புக் குச்சிகளையும் இரண்டு பக்கம் சீவியிருந்தாள். கடைசி நாள் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு தன் டப்பாவில் கொட்டினாள். மேலே இருந்த பச்சைகள் தீரும்வரை ஒன்றும் ஆகவில்லை. திங்கள்கிழமையோடு தீர்ந்திருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து ஜன்னல் பலகையில் கவிழ்த்தாள். இரண்டு குச்சிகள். அவர் கையில் இருந்ததோடு மூன்று. நிறமில்லாமல் ஒன்றைப்போல ஒன்று.

"மூணையும் எடுத்துக்கங்கண்ணே" என்றாள். "பச்சை மூணு கொடுங்க."

"என்னன்னு எழுத?"

"சிவப்புன்னு எழுதுங்க. நான் சொல்றேன்."

புதுக்குச்சியை ஒரு பக்கம் மட்டும் சீவினாள். சாணையிலிருந்து தடுப்புக்கு அறுபது அடி. பச்சைத் தலையை உள்ளே விட்டு இறுக்கினாள். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, பெடலை மிதித்தாள்.

ஆர்க் நின்றது. அசைக்காமல் வைத்த விளக்கைப் போல நின்றது. அதற்குக் கீழே குளம் கண்ணாடியாக இளகியது. உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியைத் தொட்டு எடுத்தாள், தொட்டு எடுத்தாள். ஒவ்வொரு தொடலுக்கும் ஓர் அலை. அலைமேல் அலையாக, காசை அடுக்கிச் சாய்த்து வைத்தாற்போல வெல்டிங் நீண்டது. மூலை முடிந்தபோது அவள் மூச்சு விட்ட சத்தம் ஹெல்மெட்டுக்குள் பெரிதாகக் கேட்டது.

நாலேகால் மணிக்கு ஆறாவது தொட்டியைச் சூப்பர்வைசரே தண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். சட்டைக் கை நனைந்தது. தண்ணீர் அசையாமல் இருந்தது.

"என்னக்கா பண்ணீங்க?"

"குச்சி மாறிப்போச்சு சார். சிவப்பைப் போட்டு ஓட்டிட்டிருந்தேன். கலரச் சீவித் தள்ளினது நான்தான். என் தப்புதான்."

அவர் முகம் பூவாக மலர்ந்தது. "குச்சியா! அட, வெறும் குச்சி! நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க. பேக்கிங்கு கீக்கிங்கு எல்லாம் மறந்துடுங்க." ஈரக்கையோடு அவள் தோளைத் தட்டப்போய், நிறுத்திக்கொண்டு, ஆறு தொட்டிக்கும் டிக் அடித்தார்.

தாடி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான். "ரெண்டு பக்கமும் சீவுனா ஒரு நடை மிச்சம்னு எனக்கும் சொல்லிக் கொடுத்தியேக்கா. நல்லவேளை, நான் சோம்பேறி. ஒரு பக்கமே சரியாச் சீவறதில்ல."

சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு ஐந்தாவது தொட்டியை மட்டும் திருப்பி வெளிச்சத்தில் வைத்தாள். மூன்றாவது மூலை. அலைகள் ஒரே அளவாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு நகத்தின் அகலத்துக்கு மூன்று அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாகக் கிடந்தன. அப்புறம் மறுபடி ஒழுங்கு. ஓட்டை இல்லை. குமிழி வராது. பெட்டிக்கு அடியில் போய்விட்டால் யார் கண்ணிலும் படாது. போடும்போதே அவளுக்குத் தெரியும். குளம் நகரவில்லை. ஆர்க் நகரவில்லை. வேறொன்று நகர்ந்தது.

பழைய இரும்பு ஸ்கேலை எடுத்து அதன்மேல் வைத்தாள். நடுவில் மட்டும் தொட்டது. இரண்டு பக்கமும் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது.

நான்கு நாளாக ஆர்க் ஆடியதில் கை தெரியவில்லை. இப்போது ஆர்க் அசையாமல் நின்றது, கை தெரிந்துவிட்டது.

தொட்டியை மற்ற ஐந்தோடு அடுக்கினாள். டப்பாவில் மூன்று குச்சிகளையும் பச்சை மேலே தெரியும்படி வைத்து மூடினாள். மின்விசிறியைப் போட்டு அதற்கெதிரே கொஞ்ச நேரம் நின்றாள். நான்கு நாள் வேர்வை குளிர்ந்தது. பிறகு போனை எடுத்தாள்.

"என்ன, மெஷின் சரியாயிடுச்சா?" என்றாள் தங்கை.

"ஆயிடுச்சு."

"அப்ப நீ வரமாட்ட."

"வரேன்டி. அஞ்சரைக்கு வாசல்ல நில்லு."

"தனியா வந்துடுவியா?" என்று மட்டும் கேட்டாள் தங்கை.

"கால் நல்லாத்தானே இருக்கு" என்றாள் அவள். பிறகு முட்டியை நினைத்துக்கொண்டு, "மெதுவா வரேன்" என்றாள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கோணல்தான். அடித்துவிட்டுத் திருத்தி எழுதவில்லை. கையைப் பாக்கெட்டுக்குள் விடாமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.